பிள்ளைகளை நீந்த விடாத நாய்

கேள்வி: எங்கள் வீட்டில் பதினான்கு மாத நியூஃபவுண்ட்லாந்து நாய் ஒன்று நிற்கிறது. பெயர் கருப்பன், நிறை 58 கிலோ. ஆசைப்பட்டு வாங்கி வந்தவர் என் கணவர். போன மாதம் சிம்கோ ஏரிக்குப் போனோம். பிள்ளைகள் இருவரும் (11 வயது, 8 வயது) இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதுதான் தாமதம், கருப்பன் பாய்ந்து போய் மகனின் கையைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்துவிட்டான். மறுபடி இறங்கினார்கள், மறுபடி இழுத்தான். மகளின் முதுகெல்லாம் நகக்கீறல். வீட்டிலோ எந்த நேரமும் ஈரம், வீணி, முடி. மாமிக்கு 71 வயது, பகலில் அவதான் நிலம் துடைக்கிறா. இப்போது இவர், "யாருக்காவது கொடுத்துவிடுவோம்" என்கிறார். பிள்ளைகள் அழுகிறார்கள். கருப்பன் கெட்ட நாயா?

– ஒரு வாசகி, அஜாக்ஸ், ஒன்ராறியோ

பதில்: தங்கச்சி, "கவ்வி" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், "கடித்து" என்று எழுதவில்லை. மகனின் கையில் பல் பதிந்திருந்தால் கடிதம் அதில்தான் தொடங்கியிருக்கும். பிள்ளை கையைக் காலை அடித்துக்கொண்டு சந்தோசத்தில் கத்துகிறான். கரையில் நிற்கிற கருப்பனுக்கு அது ஒரு பிள்ளை தாழ்கிற சத்தம். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருகிறான். கரைக்கு வந்த பிள்ளை திரும்ப அதே தண்ணீருக்குள் போனால் அவன் என்னதான் செய்வான்?

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பெயர் தோணி. கேட்டவர்கள் எல்லோரும் கிரிக்கெட்காரர் என்றே நினைத்தார்கள். நாங்கள் நினைத்தது ஊரில் மணலில் இழுத்துவிட்டிருக்கும் தோணியை. பெட்டை நாய், 50 கிலோ. ஒன்பது வருசத்தில் என்னை அவள் எத்தனை தரம் காப்பாற்றினாள் என்று கணக்கில்லை. அதில் ஒரு தரம்கூட நான் தாழவில்லை. ஒருநாள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து சட்டைத் தொங்கலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் மகனுடைய கலியாணக் கதை பாதியில் நின்றது, மீதியைப் பிறகு தொலைபேசியில்தான் கேட்டேன்.

இந்தக் குணம் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவு கொடுத்தது. அந்தத் தீவு மீனவர்களுக்கு நாய் என்றால் வலை இழுக்கவும், வண்டி இழுக்கவும், தண்ணீரில் விழுந்ததை எடுத்து வரவும், படகிலிருந்து கயிற்றைக் கவ்விக் கரைக்குக் கொண்டுபோகவும் வேண்டிய வேலைக்காரன். 1828இல் அங்கே ஐல் ஓ மோர்ட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் 'டெஸ்பாட்ச்' என்ற கப்பல் பாறையில் மோதியபோது, ஆன் ஹார்வி என்ற பதின்மவயதுப் பெண் தகப்பனோடும் தம்பியோடும் படகில் போனாள். கூடவே ஹெயரிமேன் என்ற அவர்களுடைய நாய். உடைந்த கப்பலுக்கும் இவர்களுக்கும் நடுவில் அலைக்குள் நீந்திக் கயிறு சேர்த்தது அந்த நாய்தான். நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். அந்தத் தீவுக் கரையில்தான் 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழ் அகதிகள் 155 பேரை மீனவர்கள் ஏற்றினார்கள். அதில் நாய் இல்லை, மனிசர்தான். ஆனாலும் அந்தக் கரையின் நாய் ஒன்று தமிழ் வீட்டில் "கருப்பா" என்றதும் திரும்பிப் பார்க்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவன் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரலுக்கும் விரலுக்கும் நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு. மற்ற நாய்கள் தண்ணீரைக் கீழே கீழே தட்டும். இவன் கையைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ளி, தவளை மாதிரிப் போவான். வால் சுக்கான். மேல் முடியில் எண்ணெய்ப் பசை, அதற்குள்ளே பஞ்சுபோல் இன்னொரு முடி. பனிக்குளிர்த் தண்ணீரில்கூட மேனியில் ஈரம் படுவதற்கு நேரமெடுக்கும்.

பெருமை இருக்கட்டும், ஆபத்தும் இருக்கிறது. 58 கிலோ ஒன்று எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் இரண்டு கையையும் போட்டால் பிள்ளை தண்ணீருக்கு அடியில் போய்விடும். அதனால் இந்தக் கோடைக்கு என் கட்டளை: பிள்ளைகளும் கருப்பனும் ஒரே நேரத்தில் கட்டில்லாமல் தண்ணீரில் இறங்கக்கூடாது. பிள்ளைகள் நீந்தும்போது அவன் வாரோடு, பெரியவர் ஒருவரின் கையில், நிழலில். அவனுடைய முறை வரும்போது இருபது மீற்றர் மிதக்கும் கயிறு கட்டி, உங்கள் கணவர் இறங்கட்டும். நீளக் கைச் சட்டை போடட்டும், நகத்தையும் முதல்நாள் வெட்டிவிடட்டும். அழைத்தால் தண்ணீரில் திரும்பி வரப் பழக்குவதுதான் முதல் பாடம். கரையில் அழைத்தால் வருகிற நாய் தண்ணீரிலும் வரும் என்று நம்பவேண்டாம். தோணி தண்ணீரில் முழுச் செவிடு.

இரண்டாவது பாடம் பிள்ளைகளுக்கு. கருப்பன் நீந்தி வரும்போது நேருக்கு நேர் நின்று கத்தி, கையால் தள்ளினால் கீறல்தான் மிச்சம். உடம்பைப் பக்கமாகத் திருப்பி அவனைக் கடந்து போக விடவேண்டும். கடக்கும்போது இடுப்பு முடியையோ அவனுடைய உயிர்காப்பு அங்கியின் பிடியையோ பிடித்துக்கொண்டு சும்மா மிதக்கவேண்டும். அவன் இழுத்துக்கொண்டு கரைக்குப் போவான். அவனுக்கு வேலை முடிந்தது, பிள்ளைக்கு இலவசச் சவாரி. இதை முதலில் பெரியவர்கள் பத்துத் தரம் செய்து பாருங்கள், பிறகு அங்கி போட்ட பிள்ளை, அப்போதும் கருப்பன் கயிற்றில்தான். நீந்துகிற ஆளை இழுப்பதைவிட நல்ல வேலையும் அவனுக்குக் கொடுக்கலாம். காற்றடைத்த சின்ன வள்ளத்தின் கயிற்றை வாயில் கொடுத்து இழுக்க விடுங்கள். இந்த இனத்துக்கென்றே சங்கங்கள் தண்ணீர்ப் பயிற்சியும் சோதனையும் நடத்துகின்றன. படகு இழுப்பது, கயிறு கொண்டுபோவது எல்லாம் அதில் பாடங்கள். அரை மணி நேரம் வள்ளம் இழுத்தவன் பிறகு உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற அவ்வளவு அவசரப்படமாட்டான்.

ஓகஸ்டில் ஒரு கவனம். ஏரித் தண்ணீர் பச்சைப் பெயின்ற் ஊற்றினதுபோல் இருந்தால் கிட்டவும் விடாதீர்கள். அந்தப் பாசியில் சில வகை நாயைச் சில மணி நேரத்துக்குள் கொன்றுவிடும். அவனோ நீந்தும்போதே குடிக்கிற ஆள்.

இனி வீட்டுக் கதை. ஏரி ஒருநாள் கூத்து, தண்ணீர்ப் பாத்திரம் தினமும். முன்னங்காலை அதற்குள் வைத்துத் தோண்டி, தாடி முழுக்க நனைய, ஒரு லீற்றர் தண்ணீரோடு குசினியிலிருந்து வரவேற்பறைக்கு நடப்பான். பிறகு தலையை ஒரு உதறு. ஒருநாள் தோணி உதறின வீணி நூல்போல் பறந்து சாமி அறைப் பிள்ளையார் படக் கண்ணாடியில் ஒட்டியது. அப்போதுதான் விபூதி பூசி முடித்திருந்த என் அம்மா, நாயைப் பார்த்தா, பிள்ளையாரைப் பார்த்தா, ஒன்றும் பேசாமல் சீலைத் தலைப்பால் துடைத்தா. அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நாயோடு கதைத்தா.

இதற்கு மருந்தில்லை, இடம்தான் உண்டு. பாத்திரத்தைக் கராஜ் வாசலில் வையுங்கள். குடித்தவன் தாடி துடைத்த பிறகே உள்ளே வரட்டும். ஏரியால் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, சூடில்லாத காற்றை வேகமாக ஊதும் இயந்திரத்தால் அடிமுடி வரை உலர்த்தவேண்டும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், விரலை உள்ளே விட்டால் ஈரம். அந்த ஈரம் கிடந்தால் தோலில் ஒரே இரவில் புண் வரும். காதுக்குள்ளும் துடையுங்கள். வெயிலுக்கு இதம் என்று மொட்டையடித்துவிடாதீர்கள், அந்த முடிதான் அவனுக்குக் குடையும். வெக்கை நாளில் குளிரூட்டி போட்ட அறையும் வெறும் சீமெந்துத் தரையும் போதும்.

பதினான்கு மாதம் என்றால் எலும்பு இன்னும் வளர்கிறது. மரத்துறையிலிருந்து பாய்வதும் மாடிப்படி ஓட்டமும் இப்போது வேண்டாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிற உடம்பே நல்லது. இந்த இனத்தில் பிறவியிலேயே இருதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகும் வழி ஒடுங்கியிருப்பது உண்டு. கடும் நீச்சலுக்கு முதல் மிருக வைத்தியரிடம் இருதயத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்திக்கு ஓங்காளித்தும் ஒன்றும் வராவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிசமே அவசர வைத்தியரிடம் ஓடுங்கள்.

மாமியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி ஏரி அல்ல, "அவதான் நிலம் துடைக்கிறா" என்பதுதான். வீணி சிந்தின ஓட்டுத் தரையில் 71 வயதில் வழுக்கினால் இடுப்பெலும்பு. அவ இந்த நாயைக் கேட்கவில்லை. ஆசைப்பட்டவர் உங்கள் கணவர். அவர் வேலைக்குப் போனதும் துடைப்பம் அவருடைய அம்மாவின் கைக்குப் போய்விட்டது, அதனால்தான் "கொடுத்துவிடுவோம்" என்ற வசனம் அவர் வாயில் இவ்வளவு லேசாக வருகிறது. மாமியின் அறைக்கும் குசினிக்கும் தடுப்புப் படலை போடுங்கள். காலையும் இரவும் நிலம், முடி சீவல், தாடி எல்லாம் மூன்று மாதம் அவர் பொறுப்பு. பகலில் ஒரு மணித்தியாலத்துக்கு நாய் பார்க்க ஒரு ஆளைக் காசு கொடுத்து வைக்கலாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் அவர் அதையே சொன்னால், சரி, கொடுங்கள். ஆனால் இணைய விளம்பரத்தில் அல்ல. வாங்கின இடத்து ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ஒழுங்கான வளர்ப்பாளர் திருப்பி எடுப்பார். இல்லாவிட்டால் இந்த இனத்துக்கான மீட்புச் சங்கத்திடம் கேளுங்கள். இந்த நாய்கள் எட்டு முதல் பத்து வருசம் இருக்கும். கருப்பனுக்கு இன்னும் ஒன்றரை வயதுகூட ஆகவில்லை.

அதற்கு முதல் இந்தச் சனிக்கிழமை கணவரைக் கடைக்கு அனுப்பி எட்டுப் பெரிய துவாய் வாங்கச் சொல்லுங்கள். வெள்ளை நிறம் வேண்டாம்.