டிவியாகவும் பயன்படும் கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்கலாமா? சாதக பாதகங்கள் என்ன?

தனி அறை, இடம் குறைவு, ஒரே திரையில் வேலையும் நடக்க வேண்டும், ராத்திரி படமும் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். நானும் அப்படித்தான் ஒன்றை வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் நாலு பேர் அதைப் பங்கு போடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். நீங்கள் மும்முரமாக வேலை பார்க்கும்போதுதான் அங்கே மேட்ச் சூடுபிடிக்கும். திரை ஒன்றுதானே, யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் முக்கியமாகப் பார்க்க வேண்டியது எழுத்தின் தெளிவு. வீடியோ எந்தத் திரையிலும் ஓரளவு நன்றாகத்தான் தெரியும். நாள் முழுக்க எழுத்தைப் படிக்கும்போதுதான் வித்தியாசம் புரியும். டிவியை ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம், மானிட்டரை இரண்டு அடியில் பார்க்கிறோம். 24 அங்குல ஃபுல் ஹெச்டி (1920 x 1080) மானிட்டரில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள், இருக்கும். அதே ஃபுல் ஹெச்டி 32 அங்குலத்துக்குப் போனால் அது 69 ஆகிவிடும். வெறும் ஹெச்டி, அதாவது 1366 x 768 உள்ள 32 அங்குலத் திரை என்றால் 49தான். எக்ஸெல் ஷீட்டைத் திறந்தால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். 32 அங்குலம் வேண்டுமென்றால் ஃபுல் ஹெச்டியைவிட நாலு மடங்கு பிக்சல்கள் உள்ள 4கே எடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சில திரைகள் டிவி பாணியில் நிறத் தகவலைச் சுருக்கிக் காட்டும். 4:2:0 என்பார்கள். வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக வரும், நிறம் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒன்றாக வரும். சினிமாவில் இது கண்ணுக்கே தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள், மை ஊறிய காகிதம் மாதிரி கசிந்து தெரியும். கடையில் லேப்டாப்பை இணைத்து இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சில மாடல்களில் லேப்டாப்பைச் செருகிய ஹெச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும் இணைப்பு) இன்புட்டின் பெயரைத் திரையின் செட்டிங்ஸில் 'பிசி' என்று மாற்றினாலே சரியாகிவிடும். 4கே திரை என்றால் ஹெச்டிஎம்ஐயின் 2.0 பதிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1.4 என்றால் 4கேயில் விநாடிக்கு 30 ஃப்ரேம்தான் வரும், மவுஸை நகர்த்தும்போதே இழுவை தெரியும்.

சவுண்டு பெரும்பாலும் சுமார்தான். செய்தி கேட்கப் போதும், பாட்டுக்குப் போதாது. ஸ்டாண்டும் பலவற்றில் உயரம் மாற்ற முடியாத மாதிரிதான் வரும், கழுத்துக்கு நல்லதில்லை. பின்னால் வெசா துளைகள் (ஸ்டாண்டு மாட்டுவதற்கான பொது அளவுத் திருகுத் துளைகள்) இருந்தால் உயரம் மாற்றக்கூடிய ஆர்ம் ஒன்றைத் தனியாக மாட்டிக்கொள்ளலாம். சாதாரண மானிட்டர் கம்ப்யூட்டரோடு சேர்ந்து தூங்கும், சேர்ந்து எழும்; இதில் சில மாடல்களுக்கு ஒவ்வொரு முறையும் ரிமோட்டைத் தேட வேண்டும். தினமும் செய்யும்போது இது எரிச்சல்தான்.

நல்ல பக்கமும் நிறைய. ஸ்மார்ட் மாடல் என்றால் கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலே யூடியூப் பார்க்கலாம். செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல், லேப்டாப் மூன்றையும் செருகி வைத்து ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். பெரிய திரையில் இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஸ்மார்ட் வசதிக்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வருவது நின்றுபோகலாம், ஆப்கள் ஒவ்வொன்றாக ஓடாமல் போகலாம். திரையோ பத்து வருஷம்கூட உழைக்கும். அதனால் நல்ல ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) மானிட்டர் ஒன்று வாங்கி, யூடியூப் போன்ற ஆப்களை ஓட்டும் சின்ன ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை ஹெச்டிஎம்ஐயில் செருகிக்கொள்வதுதான் என் பரிந்துரை. ஸ்டிக் பழசானால் அதை மட்டும் மாற்றிவிடலாம். அப்புறம், மானிட்டரில் ஹெட்போன் ஜாக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டிக்கின் ஒலியும் ஹெச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குத்தான் போகும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை, புளூடூத் ஸ்பீக்கரும் இல்லை என்றால் அந்த ஜாக்தான் வழி.