உறைந்த கால்வாயில் ஒரு பூனை

கேள்வி: இங்கிலாந்தில் கால்வாய்ப் படகிலேயே குடியிருப்பவர்கள், குளிர்காலத்தில் பூனையை எப்படிப் பராமரிக்கிறார்கள்?
— வாசகி, திருச்சி

பதில்: ‘நேரோபோட்’ எனப்படும் அந்த எஃகுப் படகின் அகலம் ஏறத்தாழ 7 அடிதான் என்பதால், விறகோ கரியோ எரியும் ஒற்றை அடுப்பே அதன் பெரும்பகுதியைச் சூடாக்கிவிடும்; பூனையும் அதன் முன்னே சுருண்டுகொள்ளும். அடுப்பிலிருந்து கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிரைப் பறிப்பது. ஆகவே எச்சரிக்கைக் கருவி அவசியம். என்னைக் கேட்டால், அந்த வாயுவுக்குச் சற்றும் குறையாத வஞ்சகம் கொண்டது கால்வாயின் மேல் படியும் மெல்லிய பனிக்கட்டி. தரையென்று நம்பிக் கால்வைத்த பூனை நீரில் விழுந்தால், வழுக்கும் எஃகுச் சுவரில் அதன் நகம் பற்றாது. அதற்காகவே சிலர் பழைய கம்பளத் துண்டை நீர்மட்டம் வரை தொங்கவிடுகிறார்கள். நிலையாகக் கட்டிவைக்கத் துறையில்லாத படகு பொதுவாக 14 நாளுக்குள் இடம் மாறவேண்டும். கட்டவிழ்க்குமுன் பூனை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.