கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டே நகரப் புவியியலை ஆன்லைனில் படிக்க முடியுமா?

தாராளமாக முடியும். பக்கத்தில் பெருநகரம் இல்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். உண்மையில் இந்தப் பாடத்துக்கு, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள உங்கள் எல்லையோர ஊர் ஒரு கொடுப்பினை.

ஜெர்மன் புவியியலாளர் கிறிஸ்டாலர் 1933-ல் முன்வைத்த மைய இடக் கோட்பாடு பாடத்தில் கட்டாயம் வரும். பெரிய ஊர்களும் அவற்றை நம்பியிருக்கும் சிற்றூர்களும் எப்படிப் பரவி அமைகின்றன என்பதை அது அறுகோணங்களாக வரைந்து விளக்குகிறது. சந்தை வசதியை அடிப்படையாக வைத்து ஊர்கள் அமைந்தால், ஒரு சிற்றூர்க்காரர்கள் சுற்றியுள்ள பல பெரிய ஊர்களுக்குப் பிரிந்து போவார்கள். நிர்வாக வசதியை அடிப்படையாக வைத்து அமைந்தால், அந்தச் சிற்றூர் முழுக்க ஒரே தலைமை ஊருக்குக் கீழே வந்துவிடும். வீடியோவில் அறுகோணங்களாகப் பார்த்தால் இது மண்டையில் ஏறாது. உங்கள் பஸ் ஸ்டாண்டில் ஏறும். தாலுகா ஆபீஸ் வேலை என்றால் சித்தூர், கலெக்டரேட்டுக்குப் பாலக்காடு. ஆனால் சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர் என்று போகிறவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். காலை நேரத்தில் யார், எதற்கு, எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதி வரைபடத்தில் கோடு போடுங்கள். மாநில எல்லை எந்தப் போக்குவரத்தைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அசைன்மென்ட்டுக்கு அதுவே போதும்.

எது நகரம் என்பதையும் விடாமல் படியுங்கள். குறைந்தது 5,000 பேர், ஆண் தொழிலாளரில் 75 சதவீதமாவது விவசாயம் சாராத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர்: இவை இருந்தால் பஞ்சாயத்தும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'கணக்கெடுப்பு நகரம்' ஆகிவிடும். கேரளத்தில் இப்படிப்பட்டவை 2001-ல் 99, 2011-ல் 461. அந்த மாநிலத்தின் நகர மக்கள் விகிதம் 26-லிருந்து 47.7 சதவீதமாக உயர்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. பாலக்காடு - கோயம்புத்தூர் வழியில் எல்லையில் உள்ள வாளையாரின் நெடுஞ்சாலையோரம் எப்படி மாறியிருக்கிறது என்று அதில் ஆண்டுவாரியாகப் பாருங்கள்.