ப்ளாகரா, வேர்ட்பிரஸா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சொந்தமாக ஒரு தளம் வைத்து எழுத நினைப்பவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்டிருப்பது ‘எந்த மென்பொருள் நல்லது?’ என்பதுதான். எனக்கோ அதைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம்: தளத்தின் முகவரி யார் பெயரில் இருக்கிறது, எழுதியதன் பிரதி யார் கையில் இருக்கிறது. எதைக் கேட்டாலும் நான் அங்கேயே போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. வகுப்பில் சொல்லி வந்த இலக்கணக் குறிப்புகளை எழுதி வைக்க ஒரு தளம் வேண்டும். மகன் வேர்ட்பிரஸ் என்கிறான், பக்கத்து வீட்டுப் பையன் ப்ளாகர் போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? (மன்னார்குடி வாசகி)

பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. மகன் தினமும் வந்து மென்பொருளைப் புதுப்பித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தால் அப்புறம் யோசிக்கலாம்.

ப்ளாகர் 1999-ல் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் பிறந்தது. 2003-ல் கூகுள் வாங்கியது. அதில் புது வசதிகள் வருவது அபூர்வம். எழுதி வெளியிட மட்டும் வேண்டும் என்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. பணம் கிடையாது, பராமரிப்பு கிடையாது.

ஆனால் இரண்டு வேலைகளை முதல் நாளே செய்துவிடுங்கள். ஒன்று, சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, வாங்கி அதை ப்ளாகரோடு இணைப்பது. இணைப்பதற்கு ப்ளாகர் காசு கேட்பதில்லை. பெயருக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம். பெயர் உங்களுடையதாக இருந்தால் நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனாலும் வாசகர் அதே முகவரிக்கே வருவார். இதைச் சும்மா சொல்லவில்லை. 2012 வாக்கில் இந்திய வாசகர்களை ப்ளாக்ஸ்பாட் டாட் காம் என்ற ப்ளாகர் முகவரியிலிருந்து ப்ளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குக் கூகுள் திருப்பிவிட ஆரம்பித்தது. நம் ஆட்கள் அந்த முகவரியையே நகலெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். 2020-ல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டே போனது. ஒட்டிய லிங்க்கெல்லாம் செத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

இரண்டாவது, தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால் ப்ளாகருக்கு அதிலிருந்து லிங்க் உருவாக்கத் தெரியாது. ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று தொடங்கி ஒரு எண்ணை ஒட்டிவிடும். பத்து வருடம் எழுதியவரின் தளத்தில் எல்லாப் பதிவுக்கும் இதே பெயர்தான், எண் மட்டும் வேறு. வெளியிடுவதற்கு முன் வலப்பக்க அமைப்புகளில் பெர்மாலிங்க் என்ற இடத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் போடுங்கள். ‘புணர்ச்சி விதிகள்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தாலே போதும். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய லிங்க் உடைந்துவிடும்.

வேர்ட்பிரஸ் டாட் காம், வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் இரண்டும் ஒன்றா? (திருநெல்வேலி)

மென்பொருள் ஒன்று, ஏற்பாடு வேறு. பி2 என்ற பழைய மென்பொருளை எடுத்து 2003-ல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கியதுதான் வேர்ட்பிரஸ். அதை யார் வேண்டுமானாலும் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாக இறக்கி, தாங்கள் வாடகைக்கு எடுத்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. முதலாவது சொந்தச் சமையல்: என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பாத்திரமும் நீங்களே கழுவ வேண்டும். இரண்டாவது மெஸ் சாப்பாடு: போட்டதைச் சாப்பிடலாம், கூடுதல் வேண்டுமென்றால் கூடுதல் காசு.

பாத்திரம் கழுவுவது என்றால் பிளகின் என்ற துணை மென்பொருள்களையும், தீம் என்ற தோற்ற அமைப்பையும் புதுப்பிப்பது. வேர்ட்பிரஸ் தளத்துக்குள் ஆள் புகுவது பெரும்பாலும் புதுப்பிக்காத பிளகின் வழியாகத்தான். பத்துப் பிளகினுக்கு மேல் போட்டிருப்பவர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பாதி இல்லாமலே தளம் ஓடும்.

வேர்ட்பிரஸில் எழுதுகிறேன். என் பதிவின் லிங்க்கை வாட்ஸப்பில் போட்டால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறியும் எண்ணுமாக வருகிறது. சில லிங்க் பாதியில் நின்றுவிடுகிறது. ஏதாவது வைரஸா? (ஈரோடு)

வைரஸ் இல்லை, கணக்கு. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். லிங்க்கில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் இரண்டு எழுத்துமாக விரிகிறது. ஆக, ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கும் ‘கி’ கணினிக்குக் ககரமும் விசிறியுமாக இரண்டு, அதாவது பதினெட்டு இடம். ‘அம்மா’ என்ற மூன்றெழுத்துச் சொல் நாற்பத்தைந்து!

வேர்ட்பிரஸ் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் தன் தரவுதளத்தில் லிங்க் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். ‘மழைக்காலத்து மாலை நேரம்’ என்று தலைப்பு வைத்தால் இடைவெளிக்கு வரும் சிறுகோடுகளோடு சேர்த்து 191 ஆகிவிடுகிறது. நான்காவது சொல்லுக்கு இடமே இல்லை, வெட்டிவிடும். தொடர் எழுதுபவர்கள் கவனியுங்கள். நீளத் தலைப்பின் கடைசியில் ‘பகுதி 7’ என்று போடுவீர்கள், வெட்டுப்படுவது முதலில் அதுதான். எல்லாப் பகுதிக்கும் ஒரே பெயர் வந்து, வேர்ட்பிரஸ் தானாக ஒரு எண்ணைச் சேர்க்கும். அது உங்கள் பகுதி எண்ணோடு பொருந்தும் என்ற உறுதி இல்லை.

இதற்கும் மருந்து ப்ளாகருக்குச் சொன்னதுதான்: லிங்க் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். லிங்க்கும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் என்னோடு வருடக்கணக்கில் சண்டை போடுகிறார். அவர் அனுப்பும் லிங்க் எதுவும் எனக்கு ஒரு முறையும் முழுதாக வந்து சேர்ந்ததில்லை.

டாட் இந்தியா என்று தமிழிலேயே டொமைன் கிடைக்கிறதாமே, வாங்கலாமா? (மதுரை)

கிடைக்கிறது. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்றும் உண்டு. ஆசைக்கு ஒன்று வாங்கி உங்கள் முக்கிய முகவரிக்குத் திருப்பி வையுங்கள். அதை மட்டுமே நம்ப வேண்டாம். நிறையப் படிவங்கள் இன்னும் அதை முகவரியாகவே ஏற்பதில்லை.

நான் புரோகிராமர். ஜெக்கிலில் தொடங்கி, ஹியூகோவுக்கு மாறி, இப்போது மூன்றாவதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதத்தில் இரண்டு பதிவுதான் எழுதியிருக்கிறேன். எது வேகமானது? (கோவை)

தம்பி, அந்த இரண்டு பதிவும் என்ன என்று ஊகிக்கட்டுமா? ஒன்று ‘வணக்கம் உலகம்’. இன்னொன்று ‘நான் ஏன் ஹியூகோவுக்கு மாறினேன்’.

வேகம் உங்கள் பிரச்சினை இல்லை. 2008-ல் வந்த ஜெக்கிலானாலும் 2013-ல் வந்த ஹியூகோவானாலும் செய்வது ஒன்றே: எழுத்துக் கோப்புகளை எடுத்து முன்கூட்டியே எச்டிஎம்எல் பக்கங்களாகச் சுட்டு வைக்கிறது. வாசகர் வரும்போது தரவுதளம் எழுந்து ஓட வேண்டியதில்லை. எனவே இரண்டு பதிவுள்ள தளம் எதில் இருந்தாலும் பறக்கும். ஜெக்கிலுக்கு ரூபி மொழியும் அதன் துணைப் பொதிகளும் வேண்டும், புதுக் கணினி வாங்கும் போதெல்லாம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹியூகோ ஒரே கோப்பு, இறக்கினால் ஓடும். ஆகவே ஹியூகோவிலேயே இருங்கள். ஆனால் அதன் புதுப் பதிப்புகள் பழைய தீம்களை உடைப்பது வழக்கம். எந்தப் பதிப்பில் தளம் ஒழுங்காக ஓடியதோ அந்த எண்ணைக் குறித்து வைத்து, காரணமில்லாமல் மாற்றாதீர்கள். கிட்ஹப் தளத்தின் பேஜஸ் சேவையில் இலவசமாக ஏற்றலாம். ஒரு தளம் ஒரு ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு வரம்பு, எழுத்துக்கு அது கடல்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல. பதிவுகள் வெறும் எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே கிடக்கின்றன. மென்பொருள் செத்தாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். பிடிக்காதது, பஸ்ஸில் உட்கார்ந்து போனிலிருந்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவது பெரும்பாடு.

பத்துப் பதிவு எழுதும் வரை தீம் பக்கமே போவதில்லை என்று முடிவெடுங்கள். பதினொன்றாவது எழுதும்போது எது குறைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஹோஸ்டிங்கை (தளம் குடியிருக்கும் வாடகை சர்வரை) மாற்றினேன். தமிழ் எல்லாம் போய்விட்டது. சில பதிவுகளில் வரிசையாகக் கேள்விக்குறி, சிலவற்றில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள். மீட்க முடியுமா? (புதுச்சேரி)

இரண்டும் வேறு நோய். ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்: தமிழின் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, படிப்பவர்தான் தவறான எழுத்துமுறையில் படிக்கிறார். பழைய தரவுதளம் ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழை வைத்திருந்திருக்கும். விவரம் தெரிந்தவர் திருப்பிவிடுவார்.

கேள்விக்குறி அப்படியல்ல. இந்த எழுத்து தன்னிடம் இல்லை என்று தரவுதளம் ஒவ்வொரு எழுத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அதன் இடத்தில் கேள்விக்குறியை வைத்திருக்கிறது. அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது. பழைய ஹோஸ்டிங் இன்னும் உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய், யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துமுறையைக் குறிப்பிட்டு மறுபடி பிரதி எடுங்கள். புது இடத்தில் எல்லாம் சரியாக வந்து ஒரு மாதம் ஆகும் வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.

1990-களின் கடைசியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் நிறைய உள்ளன. திரும்பத் தட்ட வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

வேண்டாம் ஐயா. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அதை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள்தான் தொல்லை, அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றி வைக்கும். பத்தி பத்தியாக மாற்றி, ஒரு முறை கண்ணால் படித்துவிட்டு ஏற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கிய தீம் மாதிரிப் பக்கத்தில் அழகாக இருந்தது. என் தளத்தில் கோணலாகத் தெரிகிறது. (சேலம்)

மாதிரிப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்திருக்கும். அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, அதனால் வாசகர் கணினியில் என்ன இருக்கிறதோ அது வந்து நிற்கிறது. விண்டோஸ் என்றால் நிர்மலா. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற ஒன்றை நீங்களே குறிப்பிடுங்கள். வரி இடைவெளியைக் கூட்டுங்கள், நமக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. சாய்வெழுத்தை அடியோடு நிறுத்துங்கள். தமிழைச் சாய்த்தால் காற்றில் சரிந்த வாழைத் தோப்பு மாதிரி இருக்கிறது.

என் தளத்தின் தேடல் பெட்டியில் ‘குளம்’ என்று தேடினால் நான் எழுதியதில் பாதி வருவதில்லை. (சிவகங்கை)

நீங்கள் ‘குளத்தில்’, ‘குளத்துக்கு’ என்று எழுதியிருப்பீர்கள். வேர்ட்பிரஸ் எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும், வேற்றுமை உருபு அதற்குத் தெரியாது. ‘குள’ என்று தேடுங்கள். குளவியும் வரும், பரவாயில்லை.

வேர்ட்பிரஸில் ‘ஏற்றுமதி’ கொடுத்து ஒரு கோப்பு எடுத்து வைத்திருக்கிறேன். பேக்கப் என்றால் அது போதும்தானே? (திருச்சி)

போதாது. அந்தக் கோப்பில் பதிவுகளும் கமெண்ட்டுகளும் இருக்கும், படங்கள் இருக்காது. படம் எந்த முகவரியில் உள்ளது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். தளம் போய்விட்டால் அந்த முகவரியும் போய்விடும். தரவுதளத்தின் பிரதி, படங்கள் உள்ள அப்லோட்ஸ் அடைவு, இரண்டும் வேண்டும். அதையும் ஹோஸ்டிங் சர்வரிலேயே வைக்காதீர்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் நான் நம்பியிருந்த ஒரு சின்ன ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு திங்கட்கிழமை போன் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்களுடைய தளமே இல்லை. நான் எடுத்த பேக்கப்புகள் எல்லாம் வாராவாரம் ஒழுங்காக அவர்களுடைய சர்வரிலேயே சேர்ந்துகொண்டிருந்தன. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து கொஞ்சம் மீட்டேன். படங்கள் போனது போனதுதான்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. எனக்குப் பிறகு என் தளம் என்ன ஆகும்? (சென்னை)

டொமைன் கட்டணம் நின்றால் பெயர் போகும். ஹோஸ்டிங் கட்டணம் நின்றால் எழுத்து போகும். பொதுவாக ஒரு டொமைனைப் பத்து ஆண்டுகள் வரை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கலாம். கூகுள் கணக்கென்றால், குறிப்பிட்ட மாதங்கள் நீங்கள் உள்ளே வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று இப்போதே அமைத்து வைக்கும் வசதி உண்டு. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கை அவர்கள் நீக்கவும் கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். முக்கியமான பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிக்கும் பெட்டியில் நீங்களே ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதுங்கள்: டொமைன் எங்கே வாங்கியது, ஹோஸ்டிங் எங்கே, பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது. வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே பீரோவில், அதே உறையில் வையுங்கள். பிள்ளைகள் முதலில் திறப்பது அதைத்தான்.