அக்கவுண்ட்ஸ் படிக்கப் போற பிள்ளைக்கு கேமிங் லேப்டாப் எதுக்கு?

பினாங்கு பிறையில இருந்து ஒரு அம்மா ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாங்க. மக எஸ்பிஎம் (இங்க மலேசியால அஞ்சாம் படிவ பரீட்சை) முடிச்சிட்டா, ரிசல்ட் பரவால்ல, அக்கவுண்ட்ஸ்ல ஏ. இவங்க ஃபேக்டரி வேலை, வீட்டுக்காரர் லாரி ஓட்டறாரு. தாய்மாமன் கோலாலம்பூர்ல ஐடி கம்பெனில இருக்காரு போல, அவர்தான் எல்லாத்தையும் முடிவு பண்றாரு: கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கணும், அதுவும் தனியார் காலேஜ்ல, அதுக்கு ஆறாயிரத்து சொச்சம் வெள்ளில (ரிங்கிட்) ஒரு கேமிங் லேப்டாப் வேணும், இல்லன்னா மேக்புக், ஆஃபர் முடியறதுக்குள்ள வாங்கிடுங்கனு தினமும் போன். அப்பா கேடபிள்யூஎஸ்பி, அதான் ஓய்வுகாலத்துக்கு சேக்கற சேமநிதி, அதுல மூணாவது அக்கவுண்ட்ல இருந்து காச எடுக்கலாமானு யோசிக்கிறாராம். அந்தம்மா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான், "சார், கேமிங்கா மேக்கா, எது நல்லது?"

பயப்படாதீங்கக்கா, பிள்ளை நல்லா வந்துடும். ஆறுதல் இதோட முடிஞ்சிச்சு, இனிமே கொஞ்சம் சூடாதான் பேசப் போறேன், ஏன்னா இதே மெசேஜ் வேற வேற வீட்டுல இருந்து எனக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு.

ரெண்டுமே வேணாம்.

லேப்டாப்ப பத்தி பேசறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட யாராச்சும் கேட்டீங்களா? நான் போன்ல கேட்டேன். தீபாவளிக்கு அம்மா முறுக்கு ஆர்டர் எடுப்பாங்களாம், யாரு முன்பணம் குடுத்தா, யாரு பாக்கி, மாவு எண்ணெய் செலவு போக கிலோவுக்கு எவ்வளவு நின்னுச்சுனு அவதான் போன்லயே ஷீட் போட்டு வச்சிருக்கா, அத சொல்லும்போது அந்தப் பிள்ளை குரல்ல வந்த சுறுசுறுப்பு கோடிங் பத்தி கேட்டப்ப வரவே இல்ல. "மாமா சொல்றாரு சார், ஐடினா சம்பளம் ஜாஸ்தியாம்" அவ்வளவுதான் சொன்னா. கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை செய்யப் பிடிக்கும்ங்கறது வேற, கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கப் பிடிக்கும்ங்கறது வேற. அந்தப் படிப்புல கணக்கு ஆழமா வரும், ப்ரோக்ராமிங் வரும், ஓடாத ப்ரோக்ராம முன்னாடி வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கணும், அதுல ஒரு கிறுக்கு இருக்கறவங்களுக்குதான் அது சரிப்படும். மாமாவுக்கு இருந்திருக்கலாம். மருமகளுக்கு இல்ல.

பொலிடெக்னிக்ல டிப்ளமோ அக்கவுண்டன்சி இருக்கு, செமஸ்டர் கட்டணம் 200 வெள்ளி, அரசாங்க காலேஜ் யூனிவர்சிட்டிக்கு மனு போடற யூபியூ போர்ட்டல்ல எந்த காம்பஸ்ல கிடைக்குதுனு பாத்து போடுங்க. யூனிவர்சிட்டிக்கு போற மத்த வழிங்க, எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் பத்தியெல்லாம் ஸ்கூல் டீச்சரே சொல்லியிருப்பாங்க, நான் திரும்ப ஓத வேண்டியதில்ல. "அக்கவுண்ட்ஸ் படிச்சா கிராணி (குமாஸ்தா) வேலைதான்"னு மாமா சொன்னாராம். சொல்லட்டும். வருமான வரி இலாகா எல்எச்டிஎன் 2024 ஆகஸ்ட்ல பெரிய கம்பெனிங்கள்ல ஆரம்பிச்சு படிப்படியா சின்ன கம்பெனி வரைக்கும் இ-இன்வாய்ஸ் (கம்ப்யூட்டர் மூலமா போடற பில்) கட்டாயமாக்கிட்டு வருது, இந்த சிஸ்டத்த ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்ச ஆளத்தான் ஒவ்வொரு முதலாளியும் தேடறான். தனியார் காலேஜுக்கு பிடிபிடிஎன் (அரசாங்க கல்விக் கடன்) வாங்கினா வட்டி வெறும் 1 சதவீதம்தானேனு கேப்பீங்க. சதவீதம் சின்னதுதான், அசல் சின்னது இல்ல. பிடிக்காத படிப்புக்கு வாங்கின கடன பிள்ளை முப்பது வயசு தாண்டியும் கட்டிக்கிட்டு இருக்கும்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். என்ன வேலைக்குனு முடிவு பண்ணிட்டா மெஷின் தானா தெரிஞ்சிடும். கேமிங் லேப்டாப்ல நீங்க குடுக்கற காசுல பெரிய பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு போவுது. எக்செல் ஷீட்டுக்கு அது சல்லிக்காசு பிரயோஜனம் இல்ல. எடை ரெண்டு கிலோவ தாண்டும், சார்ஜர் செங்கல் மாதிரி தனியா கிடக்கும், பேட்டரி ஒரு லெக்சர் தாண்டறதே பெரும்பாடு. அனிமேஷன், த்ரீடி, வீடியோ எடிட்டிங் படிக்கிற பிள்ளைனா வாங்குங்கனு நானே சொல்லுவேன். மேக்புக் ஏர் நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனா இங்க மலேசியால சின்ன கம்பெனி நடுத்தர கம்பெனி எல்லாம் ஓட்டற ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் அக்கவுண்ட் மாதிரி கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் விண்டோஸுக்கு எழுதினது. எக்செல்லயே பெரிய டேட்டாவ அலசற பவர் பிவட் மேக்ல கிடையாது, ஆல்ட் கீ அமுக்கி மெனுவுக்குள்ள பறக்கற பழக்கம் மேக்ல அப்படியே வராது. நாளைக்கு ஆபீஸ்ல போய் உக்காந்தா முன்னாடி இருக்கறது விண்டோஸ்தான்.

அப்ப எத வாங்கறது? யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, ஆபீஸ்ல ஓடி வந்த பழைய பிசினஸ் லேப்டாப். "பழசா?"னு அந்தம்மா இழுத்தாங்க, நல்ல நாள்ல படிப்பு ஆரம்பிக்கும்போது செகண்ட் ஹேண்டானு. அக்கா, கேளுங்க. பெரிய கம்பெனி, பேங்க் எல்லாம் மூணு நாலு வருஷ லீஸுக்கு நூத்துக்கணக்குல லேப்டாப் எடுப்பாங்க, லீஸ் முடிஞ்சதும் மொத்தமா கைமாத்தி விட்ருவாங்க. லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக், இந்த மூணு பேர ஞாபகம் வச்சுக்கோங்க. இதெல்லாம் கடைல வீட்டு உபயோகத்துக்குனு விக்கிற லேப்டாப் மாதிரி இல்ல, வருஷக்கணக்கா தினமும் தட்டறதுக்குனே கட்டினது, கீபோர்டு உறுதி, கீல் உறுதி, புதுசா இருந்தப்ப நாலாயிரம் அஞ்சாயிரத்துக்கு மேல போனது, இப்ப நல்ல கண்டிஷன்ல சுமாரா ஆயிரத்துல இருந்து ஆயிரத்து ஐநூறு வெள்ளிக்குள்ள பிடிக்கலாம். இன்னொரு சௌகரியம், பிரிச்சு மாத்த முடியும். 2018ல வந்த திங்க்பேட் டி480ய எடுத்துக்கோங்க, ரேம் போட ரெண்டு இடம் இருக்கு, பின்னாடி பேட்டரிய ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே கழட்டலாம், யூஎஸ்பி-சி சார்ஜர்லயும் ஏறும். ரிப்பேர் மேனுவல கம்பெனியே வெப்சைட்ல இலவசமா போட்டு வச்சிருக்கு. ஆனா திங்க்பேட்னு பேர் இருந்தாலே எல்லாம் மாத்தலாம்னு நினைக்காதீங்க, எக்ஸ்1 கார்பன்ல ரேம் போர்டோட ஒட்டினது, எட்டு ஜிபினா கடைசி வரைக்கும் எட்டுதான்.

கடைல முதல்ல பாக்க வேண்டியது ப்ராசஸர் நம்பர். ஐ7 ஸ்டிக்கர காட்டி விப்பாங்க, அதுல ஏமாறாதீங்க, சின்ன கோடுக்கு (-) அப்புறம் வர்ற நம்பர்தான் விஷயம். ஐ5-8350யூனா எட்டாவது தலைமுறை, ஐ5-10210யூனா பத்தாவது, ஐ7-4600யூனா நாலாவது, அது ஐ7ஆ இருந்தாலும் தொடாதீங்க. ஏன்னா விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, விண்டோஸ் 11க்கு இன்டெல்னா எட்டாவது தலைமுறையாச்சும் இருக்கணும். அந்த எல்லைக்கு கீழ இருக்கற மெஷினத்தான் இப்ப மலிவா தள்ளி விடப் பாக்கறாங்க. முடிஞ்சா பத்தாவதுக்கு மேல எடுங்க, இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும். ரேம் 8 ஜிபிக்கு கீழ வேணாம், 16 இருந்தா சந்தோஷம். ஃபைல் சேமிக்கற எஸ்எஸ்டி 256 ஜிபி போதும், கணக்கு ஃபைலு எவ்வளவு பெருசா இருந்துடப் போவுது.

ஸ்கிரீன்ல ஒரு குழி இருக்கு. ஒரே மாடல்ல ரெண்டு வித ஸ்கிரீன் வந்திருக்கும், 1920க்கு 1080, இல்லன்னா 1366க்கு 768. வெளில பாத்தா வித்தியாசம் தெரியாது, எக்செல் திறந்தா ரெண்டாவதுல நிறைய கட்டம் ஸ்கிரீனுக்கு வெளிய போயிடும். டிஸ்பிளே செட்டிங்ஸ்ல போய் பாத்துட்டுதான் காச எடுக்கணும். அதே மாதிரி 14 இஞ்ச்ல நம்பர் பேட் இருக்காது. அக்கவுண்ட்ஸ் பிள்ளைக்கு அது கை மாதிரி, தனியா ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கிடுங்க, மலிவுதான், இல்ல எடை பரவால்லனா 15 இஞ்ச்ல டி580, லேட்டிட்யூட் 5500 மாதிரி நம்பர் பேடோட வர்றத பாருங்க. ஜப்பான் ஆபீஸ்ல இருந்து வந்த மெஷின்னா கீபோர்டுல ஜப்பான் எழுத்து இருக்கும், ஸ்பேஸ் பார் குட்டியா இருக்கும், விலை குறைவுனு எடுத்துட்டு அப்புறம் தினமும் திட்டாதீங்க.

அப்புறம் பூட்டு. இதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. உங்க கண்ணு முன்னாடியே ரீசெட் பண்ணி வைஃபை போடச் சொல்லுங்க, ஏதோ ஒரு கம்பெனி பேர் வந்து ஆபீஸ் ஈமெயில் கேட்டுச்சுனா அந்த மெஷின் இன்னும் பழைய முதலாளி கணக்குல இருக்குனு அர்த்தம், எழுந்து வந்துடுங்க. ஆன் பண்ணும்போது பயாஸ்க்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற செட்டிங்ஸ்) போய் பாருங்க, லெனோவோல எஃப்1, டெல்ல எஃப்2, எச்பில எஃப்10, பாஸ்வேர்டு கேட்டா அதுவும் வேணாம். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கானு செட்டிங்ஸ்ல காட்டச் சொல்லுங்க. பேட்டரி ரிப்போர்ட் விண்டோஸ்லயே எடுக்கலாம், புதுசுல எவ்வளவு பிடிச்சது இப்ப எவ்வளவு பிடிக்குதுனு ரெண்டு நம்பரும் வரும், பாதிக்கு கீழ போயிருந்தா புது பேட்டரி போட்டுக் குடுங்க இல்ல விலைய குறைங்கனு கேக்கணும், கேட்டா குறைப்பாங்க. ஒவ்வொரு கீயையும் தட்டிப் பாருங்க, கடைக்காரர் முகத்த சுளிச்சாலும் சரி.

எங்க வாங்கறதுனா, கேஎல்ல லோ யாட், இங்க பினாங்குல கொம்தார், பிராங்கின் மால் பக்கம் ரெண்டு மூணு கடை ஏறி இறங்குங்க. ஆன்லைன்லயும் இருக்கு, ஆனா முதல் தடவைக்கு கைல எடுத்துப் பாத்து வாங்கறதுதான் நல்லது. வாரண்டிய வாயால சொன்னா போதாது, ரசீதுல மாடல், சீரியல் நம்பர், எத்தனை மாசம்னு எழுதணும். தகராறு வந்தா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 5 வெள்ளி கட்டி மனு போடலாம், வக்கீல் தேவையில்ல, ஆனா கைல பேப்பர் இருக்கணும்.

வீட்டுல தம்பிக்கும் பாடத்துக்கு ஒண்ணு வேணும்னாங்க. அதுக்கு லேப்டாப்பே தேவையில்ல, ஆபீஸ்ல இருந்து வர்ற குட்டி டெஸ்க்டாப் ஒண்ணும் பழைய மானிட்டரும் ஹால்ல போடுங்க, அவன் என்ன பாக்கறான்னு உங்களுக்கும் தெரியும்.

காசு விஷயத்துல நான் இறங்கி வர மாட்டேன். கேடபிள்யூஎஸ்பில கைய வைக்காதீங்க. மூணாவது அக்கவுண்ட்ல எப்ப வேணா எடுக்கலாம்ங்கறதுக்காக எடுக்கணும்னு இல்ல, லாரி ஓட்டறவருக்கு இடுப்பு போன அன்னைக்கு அந்தக் காசுதான் சோறு போடும். நகைய அடகு வைக்காதீங்க, மாசத் தவணைனு ஆப்ல காட்டற பொத்தானயும் தொடாதீங்க. ரெண்டு மாசம் ஓவர்டைம்ல சேர்ற காசுக்குள்ள முடியற விஷயம் இது. மாமாவுக்கு மருமக மேல அவ்வளவு ஆசைனா அவர் காசுல வாங்கித் தரட்டும், வேணாம்னு சொல்ல மாட்டோம், அப்பவும் விண்டோஸ்தான்.

கடைசியா ரசீத அப்பா பேர்ல எழுதச் சொல்லுங்க. பிள்ளைக்கு வாங்கின கம்ப்யூட்டருக்கு லைஃப்ஸ்டைல் வரி விலக்கு இருக்கு, புத்தகம், போன், வீட்டு இன்டர்நெட் பில்லு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 2,500 வெள்ளி வரைக்கும், அவர் வரி கட்டற ஆளா இருந்தா அடுத்த வருஷம் ஃபார்ம் நிரப்பும்போது போட்டுக்கலாம். அந்தக் கணக்க அப்பாவ போட விடாதீங்க, மக போடட்டும்.