அம்பு வாலாட்டினால் ரெஸ்ட்டை மாற்ற வேண்டுமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "பழைய ஹன்டிங் காம்பவுண்டு வில் ஒன்று வாங்கினேன். அம்பு வாலாட்டிக்கொண்டே போகிறது. விற்றவர், 'ரெஸ்ட் போச்சு, நாணும் மாத்தணும்' என்கிறார். மாற்றட்டுமா சார்?"

வேண்டாம். ரெஸ்ட் என்பது எய்யும்வரை அம்பைத் தாங்கும் சிறு தாங்கி. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது, இழுக்கும்போது எழுந்து, விட்டதும் விழுகிற வகை. அது சுலபத்தில் கெடாது. காம்பவுண்டு வில்லின் முனைச் சக்கரங்களில் ஓடும் கேபிளில், அதாவது துணை வடத்தில், ரெஸ்ட்டைக் கட்டிய கயிற்றின் நீளம்தான் பிசகும். தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமத்தை இறகுகளின் விளிம்பில் தடவி, ஓர் அம்பு விடுங்கள். ரெஸ்ட்டில் சிவப்பு ஒட்டியிருந்தால் அது விழுவதற்குள் இறகு இடிக்கிறது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கடைசி ஓரிரு அங்குல இழுவையில்தான் ரெஸ்ட் முழுதாக எழ வேண்டும். நண்பர் யாராவது பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். அம்பில்லாமல் மட்டும் நாணை விட்டுவிடாதீர்கள், வில்லே உடையும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்பைச் சுற்றிலும் தூரிகை முடி இருக்கும் 'பிஸ்கட்' ரெஸ்ட்டில் இந்தச் சோதனை செல்லாது. அதில் இறகு உரசித்தான் போகும். அந்த உரசலைக் காட்டியே ஒருவரிடம் புது ரெஸ்ட் விற்றிருக்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், பிஸ்கட்டில் உரசல் கோளாறு அல்ல.

இடிக்கவில்லையா? தச்சரின் மூலைமட்டத்தை வைத்து, அம்பு நாணுக்குச் செங்குத்தாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒரு சட்டத்தில் செய்தித்தாளை இழுத்து ஒட்டி, 2 மீட்டரில் நின்று அதன் வழியே எய்யுங்கள். அம்பு முனையின் துளைக்கு மேலே வால் கிழித்திருந்தால் ரெஸ்ட்டை ஒரு மயிரிழை உயர்த்துங்கள். பக்கவாட்டில் கிழித்தால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி எய்து பாருங்கள். இரண்டு திருகையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள்.

நாண் மாற்ற, வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் 'பிரஸ்' என்ற கருவி வேண்டும். அதை நம் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2028 ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டி வந்தாயிற்று. இங்கே ஒரு திருகைச் சரிசெய்ய ஆளில்லை, கமிஷன்காரருக்கு மட்டும் பஞ்சமில்லை.

இன்னொன்று: ஹன்டிங் என்பது வில்லின் ரகம், அனுமதிச் சீட்டு அல்ல. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு வில்லும் துப்பாக்கியும் ஒன்றுதான். காப்பித் தோட்டத்தில் பன்றி புகுந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். நீங்கள் எய்ய, மண்மேட்டுக்கு முன்னால் இறுகக் கட்டிய வைக்கோல் போதும்.