மேல்கையில் விரல் தடம்

என் மகனுக்கு வயது 14. மேல்கையின் உட்புறம் கன்றிப்போயிருக்கிறது. கேட்டால் கிரிக்கெட்டில் விழுந்தேன் என்கிறான். இணையத்தில் ரத்தப் புற்றுநோய் என்று போட்டிருக்கிறார்கள். இரும்புச்சத்து டானிக்கும், தூங்குவதற்கு அவிலும் கொடுக்கிறேன். நேற்று, "சொன்னா அப்பாகிட்ட சொல்லிடுவியா?" என்று கேட்டவன், ஒன்றுமில்லை என்று போய்விட்டான்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

புற்றுநோய் பயத்துக்கு ஒரு சிபிசி ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்தால் பெரும்பாலும் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசியும், காலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வரும். நீங்கள் எழுதியதில் அதெல்லாம் இல்லை. டானிக் வேண்டாம். அவில் அலர்ஜி மாத்திரை, தூக்க மருந்தல்ல, இன்றோடு நிறுத்துங்கள். பேச வேண்டிய பையனை மந்தமாக்கி வைத்து என்ன பயன்?

கிரிக்கெட்டில் விழுந்தால் முட்டி, முழங்கை என எலும்பு துருத்திய இடத்தில்தான் பெரும்பாலும் அடிபடும். மேல்கையின் உட்புறம், காது, கழுத்து கன்றினால் யாரோ கைவைத்தார்களா என்று கேட்டே ஆகவேண்டும்.

அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது அவன் கேட்ட கேள்வி. இந்த வயதுப் பிள்ளைகள் நுனியை மட்டும் நீட்டி நம் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பா ஸ்கூல் வாசலில் போய்ச் சண்டை போடுவார், அடித்தவன் மறுநாள் இன்னும் இரண்டு போடுவான், போன் பறிபோகும் என்று உள்ளே கணக்கு ஓடும். ஆண்பிள்ளை அடிவாங்கினான் என்ற வெட்கம் வேறு. டியூஷனுக்கு மட்டம் போட்ட இடத்தில் அடிவிழுந்திருந்தால், தப்பே தன்மேல்தான் என்று நினைப்பான். அடிப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்பதையும் ஒதுக்காதீர்கள்.

எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். இருவரும் தனியே நடக்கும்போது, "கையை யாரோ அழுத்திப் பிடிச்ச மாதிரி இருக்கே, யாராவது அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஏன் முதல்லயே சொல்லல?" என்றால் அத்தோடு பேச்சு நின்றுவிடும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். பாலியல் தொல்லை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆகவேண்டும்; பையன்களுக்கும் அந்தச் சட்டம்தான். "உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. அவன் சொன்னதை அன்றைக்கே, அவன் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதிவையுங்கள். அவன் சம்மதித்தால் காயத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

கழுத்தில் தடம், குரல் கம்மல், கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி, இதில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு. கழுத்து நெரிக்கப்பட்டவர்களுக்கு வீக்கம் சில மணிநேரம் கழித்தும் வரும். பாலியல் வன்முறை என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கவேண்டும். அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தரவேண்டும், எஃப்.ஐ.ஆர். கேட்டு உட்காரவைக்கக்கூடாது. அவன் சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

அவன் வாயே திறக்காவிட்டால் உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மருத்துவர் அவனைத் தனியாகப் பார்க்கட்டும். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்க்கிறேன் என்று நீங்கள் உள்ளே உட்காராதீர்கள்.